காப்பகத்தில் விழும் ஓட்டை: ஃபெயில்ஓவர் அறிக்கையில் கையொப்பமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தரவுத்தளச் சர்வர்களைப் பராமரிக்கும் குழுவினருக்கும், 'ஃபெயில்ஓவர் நல்லபடியாக முடிந்தது' என்று அறிக்கையில் கையொப்பமிடும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தரவை எழுதி நடத்தும் முதன்மையான பிரைமரி சர்வர் ஒன்று நள்ளிரவில் விழுகிறது. அதன் பிரதியாகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை சில நொடிகளில் அதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது; இதுதான் ஃபெயில்ஓவர். பயன்பாடுகள் புதிய முகவரியில் மீண்டும் இணைகின்றன. கண்காணிப்புத் திரையில் சிவப்பு மறைந்து பச்சை வருகிறது. விடிந்ததும் அறிக்கை எழுதப்படுகிறது. சேவை எத்தனை நொடி நின்றது, எத்தனை பரிவர்த்தனைகள் போயின, யார் எப்போது எழுப்பப்பட்டார் என்பவற்றுக்கெல்லாம் அந்த அறிக்கையில் கட்டங்கள் இருக்கின்றன. தரவு மாற்றங்களின் பதிவுகளைச் சேமித்துவைக்கும் லாக் காப்பகம் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு ஒரு கோப்பும் விடுபடாமல் தொடர்கிறதா என்று கேட்கும் கட்டத்தை மட்டும் நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கவேண்டும், அது நிரப்பப்படும்வரை கையொப்பமிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் பெரும்பாலும் வேலை பார்த்தது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் என்பதால் என் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே வருகின்றன. போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் தரவுக் கோப்பில் எழுதுமுன் 'ரைட்-அஹெட் லாக்' எனும் பதிவில் எழுதுகிறது. அதன் சுருக்கப் பெயரை நாம் எல்லோரும் 'வால்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஃபெயில்ஓவரில் தொலைவதும் பெரும்பாலும் பழைய பிரைமரியின் வால்பகுதிதான் என்பதால், அந்தப் பெயர் தமிழில் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்துகிறது. இந்தப் பதிவு, இயல்பு அமைப்பில், 16 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு முழு பேக்கப்பும் அதற்குப் பின் வந்த வால் துண்டுகள் அனைத்தும் கையில் இருந்தால், இடைப்பட்ட எந்த நொடிக்கும் தரவுத்தளத்தை மீட்டெடுக்கலாம். இதில் 'அனைத்தும்' என்ற சொல்லே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. நடுவில் ஒரு துண்டு இல்லையென்றால், அதற்குப் பின்னுள்ள ஆயிரம் துண்டுகள் நலமாக இருந்தாலும், அந்த பேக்கப்பிலிருந்து புறப்படும் மீட்பு அவற்றில் ஒன்றைக்கூடத் தொட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஓர் அமைப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறுதோறும் முழு பேக்கப் எடுப்போம். திங்கள் இரவு பிரைமரியின் வட்டு பழுதானது, ஸ்டாண்ட்பை உயர்த்தப்பட்டது, வாலை உடனுக்குடன் ஸ்டாண்ட்பைக்கு அனுப்பும் ஸ்ட்ரீமிங் பிரதி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் தரவு எதுவும் இழக்கப்படவில்லை. நானே அறிக்கையில் கையொப்பமிட்டேன். வியாழக்கிழமை ஒருவர் நிபந்தனையில்லாமல் ஓர் 'அப்டேட்' கட்டளையை ஓட்டிவிட, அதற்கு ஒரு நிமிடம் முந்தைய நிலைக்கு வேறொரு சர்வரில் மீட்டெடுக்க முயன்றோம். ஞாயிறு பேக்கப்பிலிருந்து மீட்பு புறப்பட்டது, திங்கள் இரவு வரை வந்தது, நின்றது. ஸ்டாண்ட்பை உயர்த்தப்படும் ஒவ்வொரு முறையும் வால் புதிய எண்ணுள்ள ஒரு வரிசையாகத் தொடங்கும்; அதை டைம்லைன் என்கிறோம். காப்பகத்தில் பழைய டைம்லைனின் 41 என்று முடியும் துண்டு வரை இருந்தது. 47-லிருந்து புதிய டைம்லைன் தொடங்கியிருந்தது. 42 முதல் 46 வரை ஐந்து துண்டுகள், மொத்தம் 80 மெகாபைட், எங்கும் இல்லை. பழைய பிரைமரி வலைப்பின்னல் நெரிசலால் காப்பகத்துக்கு அனுப்புவதில் பின்தங்கியிருந்தது. அனுப்பவேண்டிய ஐந்தோடு அது இறந்துபோனது. அந்த ஐந்தில் இருந்த தரவு முழுவதும் புதிய பிரைமரியில் பத்திரமாக இருந்தது என்பதால்தான் மூன்று நாட்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஸ்டாண்ட்பை அந்த ஐந்து துண்டுகளையும் ஸ்ட்ரீமிங் வழியாகப் பெற்றுத்தானே இருந்தது, பிரைமரியாக உயர்ந்ததும் அவற்றைக் காப்பகத்துக்கு அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் காப்பகத்துக்கு அனுப்புவதை இயக்கும் 'ஆர்க்கைவ்_மோட்' என்ற அமைப்பு 'ஆன்' என்றிருந்தால், ஸ்டாண்ட்பை நிலையில் இருக்கும் சர்வர் எதையும் காப்பகத்துக்கு அனுப்பாது. உயர்த்தப்பட்ட பின்பும் தான் உண்டாக்காத துண்டுகளையும், டைம்லைன் பிரிந்த இடத்தைக் குறிக்கும் ஹிஸ்டரி கோப்புகளையும் அனுப்பாது. இதை போஸ்ட்கிரெஸ் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. உள்ளே நடப்பது இன்னும் அழுத்தமானது: ஸ்ட்ரீமிங்கில் வந்திறங்கும் ஒவ்வொரு துண்டுக்கும், பிற்காலத்தில் அது அனுப்பப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, 'அனுப்பியாயிற்று' என்ற அடையாளக் கோப்பை ஸ்டாண்ட்பை தானாகவே உருவாக்கி வைக்கிறது. பழைய பிரைமரி அனுப்பியிருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்படும் ஏற்பாடு அது. அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும் நேரம்தான் ஃபெயில்ஓவர். மாற்றங்கள் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கப்படும் அடுத்தடுத்த செக்பாயின்ட்டுகளில் அந்தத் துண்டுகள் மறுபயன்பாட்டுக்குப் போய்விடுகின்றன. ஆகவே உயர்த்தப்பட்ட முதல் சில நிமிடங்களில், சில வேளை முதல் சில மணி நேரத்தில், தேவையான கோப்பு புதிய பிரைமரியின் வட்டிலேயே கிடக்கும். கையால் எடுத்துக் காப்பகத்தில் வைத்தால் முடிந்தது. அந்த நேரத்தை அறிக்கை எழுதுவதில் செலவிட்டுவிட்டு வியாழக்கிழமை தேடுவதைத்தான் தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள் போலும். இங்கே பிடிக்க வாலும் இருப்பதில்லை.

இன்னும் கவலைக்குரியது, கண்காணிப்புத் திரை அந்த மூன்று நாளும் பச்சையாக இருந்தது. காப்பக நிலையைக் காட்டும் 'பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்' காட்சி அந்தந்த சர்வர் அனுப்பியவற்றையும் அனுப்பத் தவறியவற்றையும் மட்டுமே எண்ணுகிறது. புதிய பிரைமரி தான் உண்டாக்கியதை எல்லாம் ஒழுங்காக அனுப்பியது. அதன் கணக்கில் தோல்வி பூச்சியம். பழைய பிரைமரியின் கணக்கு அதன் வட்டோடு போய்விட்டது. காப்பகத்தின் உள்ளே போய், கோப்புப் பெயர்களை வரிசைப்படுத்தி, எண் தாவியிருக்கிறதா என்று பார்க்கும் வேலையை எந்த சர்வரும் செய்வதில்லை. தான் செய்யாததைப் பற்றி ஒரு சர்வருக்கு எதுவும் தெரியாது. காப்பகத்தை சர்வரின் உடைமையாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை, இரு சர்வர்களுக்கு நடுவில் விழும் ஓட்டை யாருடைய திரையிலும் தெரியாது. அதனால் காப்பகத்தை, பிரைமரியும் ஸ்டாண்ட்பைகளும் சேர்ந்த முழுக் கிளஸ்டரின் உடைமையாகக் கருதி, அதன் தொடர்ச்சியைக் காப்பகம் இருக்கும் இடத்திலிருந்தே சரிபார்க்கவேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

சரிபார்ப்பது கடினமும் அல்ல. துண்டின் பெயர் பதினாறடிமானத்தில் 24 இலக்கம்: முதல் எட்டு டைம்லைன் எண், அடுத்த பதினாறு துண்டின் வரிசை. எங்கள் நிகழ்வில் காப்பகத்தின் கடைசிப் பழைய கோப்பு 000000010000000300000041. புதிய டைம்லைனின் முதல் கோப்பு 000000020000000300000047. எங்கே டைம்லைன் பிரிந்தது என்பதை 00000002 என்று தொடங்கும் ஹிஸ்டரி கோப்பு சொல்லும். ஆகவே பழைய டைம்லைனில் 46 வரை ஒவ்வொன்றும் இருக்கிறதா, 47-இலிருந்து புதிய டைம்லைனில் ஒவ்வொன்றும் இருக்கிறதா, ஹிஸ்டரி கோப்பும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 47-இன் பழைய பிரதி முழுதாக இருக்கவேண்டியதில்லை. புதிய பிரைமரி பிரிவுப் புள்ளி வரையிலான உள்ளடக்கத்தைத் தன் முதல் துண்டில் நகலெடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது; பாதியில் நின்ற பழைய துண்டை, 9.5 பதிப்பு முதல், 'பார்ஷியல்' என்ற பின்னொட்டோடு தனியாக அனுப்புகிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: கடைசி எட்டு இலக்கங்கள் 16 மெகாபைட் துண்டுகளில் 0 முதல் 255 வரை ஓடி, 4 ஜிகாபைட்டுக்கு ஒருமுறை நடு எட்டு இலக்கங்கள் ஒன்று கூடும். 11-ஆம் பதிப்பு முதல் கிளஸ்டரை உருவாக்கும்போதே துண்டின் அளவை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், 64 மெகாபைட் துண்டுகள் கொண்ட கிளஸ்டரில் அந்த எண் 63-லேயே திரும்பிவிடும். யாரோ எழுதிய ஸ்கிரிப்ட்டை அப்படியே எடுத்து ஓட்டி, இல்லாத ஓட்டையைக் கண்டு ஓர் இரவு முழுக்க அலைந்தவர்களில் நானும் ஒருவன். வால்-ஜி, பிஜிபேக்ரெஸ்ட் போன்ற கருவிகளில் இதற்கென்றே சரிபார்ப்புக் கட்டளைகள் இருக்கின்றன. அவற்றை ஃபெயில்ஓவருக்குப் பிந்தைய நடைமுறையில் யாரும் சேர்ப்பதில்லை என்பதே குறை.

ஓட்டை விழாமலே தடுக்க வழியில்லையா என்றால், இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் விலை உண்டு. முதல் வழி, 'ஆர்க்கைவ்_மோட்' அமைப்புக்கு 9.5 பதிப்பில் வந்த 'ஆல்வேஸ்' என்ற மதிப்பு. ஸ்டாண்ட்பையும் தான் பெறும் ஒவ்வொரு துண்டையும் காப்பகத்துக்கு அனுப்பும். பிரைமரி அனுப்பாமல் இறந்துபோனாலும் ஸ்டாண்ட்பை அனுப்பிவிடும். ஆனால் இரு சர்வர்களும் ஒரே காப்பகத்தில் ஒரே பெயரில் எழுத வரும்போது, துண்டுகளைக் காப்பகத்தில் வைக்க நம்மில் பலர் எழுதி வைத்திருக்கும் 'ஆர்க்கைவ்_கமாண்ட்' கட்டளை திணறிவிடும். 'கோப்பு ஏற்கெனவே இருந்தால் தோல்வி' என்ற எளிய நிபந்தனை தனி சர்வருக்கு நல்லது. இரண்டு சர்வர்களுக்கு அது முட்டுக்கட்டை. பிந்தி வரும் சர்வர் தோற்றுத் தோற்று மீண்டும் முயலும், வட்டில் வால் குவியும். 'இருந்தாலும் மேலெழுது' என்று மாற்றுவது அதைவிடப் பெரிய தவறு. சரியான கட்டளை, கோப்பு இருந்தால் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, ஒன்றேயானால் வெற்றி என்றும் வேறானால் தோல்வி என்றும் சொல்லவேண்டும். தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டில் நிலைப்படுத்தி, பிறகே உரிய பெயருக்கு மாற்றவும் வேண்டும். கோப்பை நகலெடுக்கும் வெறும் 'சிபி' கட்டளை வட்டில் நிலைப்படுத்தும் வேலையைச் செய்வதில்லை. சுருக்கிச் சேமிப்பவர்கள் சுருக்கிய கோப்புகளை ஒப்பிடக் கூடாது. ஒரே உள்ளடக்கத்தைச் சுருக்கும் கருவி தலைப்பில் நேரத்தை எழுதினால் இரண்டு கோப்புகளும் வேறாகத் தெரியும். இவ்வளவும் ஒற்றை வரி ஷெல் கட்டளைக்குள் அடங்காது என்பதே என் அனுபவம். ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனிக் காப்பகக் கோப்புறை கொடுத்து, தொடர்ச்சியை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இடத்தை இரட்டிப்பாகத் தின்னும். ஆனாலும் மோதல் இல்லாத அந்த வழியையே நான் இப்போது விரும்புகிறேன்.

இரண்டாம் வழி, சர்வர் அனுப்புவதற்குக் காத்திராமல் காப்பக இயந்திரமே இழுத்துக்கொள்வது. 'பிஜி_ரிசீவ்வால்' என்ற கருவி, 10-ஆம் பதிப்புக்கு முன் வேறு பெயரில் இருந்தது, ஸ்டாண்ட்பையைப் போலவே இணைந்து வால் ஓடையைத் துளித்துளியாகப் பெறும். 16 மெகாபைட் நிறையும்வரை காத்திருக்காது. இதன் நம்பகம் பிரைமரியில் உள்ள ரெப்ளிகேஷன் ஸ்லாட்டில் தொங்குகிறது: காப்பகம் இன்னும் பெறாத வாலை நீக்காதே என்று பிரைமரிக்குச் சொல்லிவைப்பது அந்த ஸ்லாட்தான். அந்த ஸ்லாட் ஸ்டாண்ட்பைக்குப் பிரதியாவதில்லை. பிரைமரி விழும்போது ஸ்லாட்டும் விழுகிறது. 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பு ஸ்லாட்டுகளை ஃபெயில்ஓவரில் உடன் கொண்டுசெல்ல வழிசெய்தது என்று கேள்விப்பட்டு நிம்மதியடைந்த நண்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அது, வாலிலிருந்து பிரித்தெடுத்த தரவு மாற்றங்களை அனுப்பும் லாஜிக்கல் ஸ்லாட்டுகளுக்கு மட்டும். நம் காப்பகம் பயன்படுத்துவது வாலை அப்படியே அனுப்பும் பிசிக்கல் ஸ்லாட். ஆகவே ஸ்டாண்ட்பையிலும் முன்கூட்டியே ஒரு ஸ்லாட்டை உருவாக்கி, அதை அவ்வப்போது முன்நகர்த்தி வைக்கவேண்டும். முன்நகர்த்த மறந்தால் அதே ஸ்லாட் ஸ்டாண்ட்பையின் வட்டை நிரப்பிவிடும். அல்லது 13-ஆம் பதிப்பு முதல் 'வால்_கீப்_சைஸ்' என்று அழைக்கப்படும் அளவைத் தாராளமாக வைத்து, காப்பக இயந்திரம் திரும்ப இணைய அவகாசம் தரவேண்டும்.

இந்த இழுவை முறையில் அரிதாக வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்ட்பை பெற்றுக்கொண்டதா என்று பிரைமரி காத்திராத ஒத்திசைவற்ற பிரதியாக இருந்து, காப்பக இயந்திரம் ஸ்டாண்ட்பையைவிட வேகமாகப் பெற்றுக்கொண்டிருந்தால், பிரைமரி விழும் கணத்தில் காப்பகத்தில் ஸ்டாண்ட்பையிடம் இல்லாத வால் இருக்கக்கூடும். புதிய பிரைமரியிடம் காப்பகம் தான் விட்ட இடத்திலிருந்து கேட்டால், அந்த இடம் தன் வரலாற்றிலேயே இல்லை என்று அது மறுத்துவிடும். அப்போது இரவுப் பணியில் இருப்பவர் செய்யத் துணிவது கோப்புறையைக் காலிசெய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. அதைச் செய்யாதீர்கள். பிரிவுப் புள்ளிக்கு அப்பால் உள்ள கோப்புகளை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்துங்கள், அழிக்காதீர்கள். சேவையில் இருந்து மறைந்துபோன கடைசிப் பரிவர்த்தனைகள் இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

இந்த இடத்தில் எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறேன். 2018 அக்டோபர் 21 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இரு மையங்களுக்கிடையே 43 நொடிகள் மட்டும் இணைப்பு அறுந்தது. தானியங்கி ஃபெயில்ஓவர் அமெரிக்காவின் மறு கரையில் உள்ள, மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தளத்தின் சர்வர்களை பிரைமரியாக உயர்த்தியது. பழைய பக்கத்தில் பிரதியாகாத எழுத்துகள், அதாவது தரவுத்தளத்தில் எழுதப்பட்ட மாற்றங்கள், நின்றுவிட்டன. புதிய பக்கத்தில் புதிய எழுத்துகள் வந்து சேர்ந்தன. முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அவர்கள் வெளியிட்ட விளக்கத்தில் என் கவனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு தகவல்: பிரதியாகாத எழுத்துகளைக் கொண்ட பைனரி லாக்குகளை (மைஎஸ்கியூஎல்லின் மாற்றப் பதிவுகளை) அவர்கள் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதனால்தான் மிகுந்த பயன்பாட்டில் இருந்த கிளஸ்டர்களில் ஒன்றில் அப்படி விடுபட்டவை 954 எழுத்துகள் என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. லாக் கையில் இருந்ததால் இழப்புக்கு ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்ததால் அதைச் சரிசெய்யும் பேச்சைத் தொடங்க முடிந்தது. மைஎஸ்கியூஎல்லில் ஒவ்வொரு சர்வரும் தன் பைனரி லாக்கைத் தன் எண்ணிக்கையிலேயே எண்ணுவதால், கோப்புப் பெயரை வைத்து இரு சர்வர்களின் காப்பகத்தைத் தைக்க முடியாது, 5.6 பதிப்பில் வந்த, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தரப்படும் ஜிடிஐடி அடையாளங்களைக் கொண்டே தொடர்ச்சியை நிரூபிக்கவேண்டும் என்பதையும் அந்தப் பக்கம் வேலை பார்ப்போர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

காப்பகமே இல்லாதிருப்பதன் விலைக்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் தளத்தில் நடந்தது சான்று. ஸ்டாண்ட்பை பின்தங்கிப்போனது; அதற்குத் தேவையான பழைய வாலை பிரைமரி அதற்குள் நீக்கிவிட்டதால் பிரதி நின்றுபோனது. வால் காப்பகம் வைத்திருக்கவில்லை என்பதால் ஸ்டாண்ட்பையைக் கையால் மறுபடியும் முதலிலிருந்து ஒத்திசைக்கவேண்டியிருந்தது. அந்த வேலையின் நடுவில்தான் பொறியாளர் ஒருவர் தவறுதலாகப் பிரைமரியின் தரவுக் கோப்புறையை நீக்கிவிட்டார். ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போனது. நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்ட அவர்களுக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது.

மீண்டும் போஸ்ட்கிரெஸுக்கு வருகிறேன். பெயர் மோதல் பற்றி மேலே சொன்னதில் மிகக் கொடிய வடிவம் ஒன்று இருக்கிறது. அது டைம்லைன் எண்ணிலேயே நேரும் மோதல். ஸ்டாண்ட்பை உயர்த்தப்படும்போது அடுத்த டைம்லைன் எண் எது என்பதை, தனக்குத் தெரிந்த ஹிஸ்டரி கோப்புகளைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறது. காப்பகத்தைப் படிக்கும் 'ரிஸ்டோர்_கமாண்ட்' அமைக்கப்பட்டிருந்தால் காப்பகத்திலும் தேடும். அந்த அமைப்பு இல்லாத இரண்டு ஸ்டாண்ட்பைகள், ஒன்று இன்று உயர்த்தப்பட்டு, பிறகு கைவிடப்பட்டு, மற்றொன்று நாளை உயர்த்தப்பட்டால், இரண்டுமே தம்மை 2 என்று அழைத்துக்கொள்ளும். ஒரே பெயரில் வேறு வேறு உள்ளடக்கம் கொண்ட இரண்டு ஹிஸ்டரி கோப்புகள் காப்பகத்தின் வாசலில் வந்து நிற்கும். மேலெழுத மறுக்கும் கட்டளை, மிகச் சரியாக, இரண்டாவதை மறுக்கும், வால் குவியும், வட்டு நிரம்பப்போகிறது என்று எச்சரிக்கை வரும். அப்போது அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர் மேலெழுதும்படி கட்டளையை மாற்றுவார், அல்லது எதையும் செய்யாமல் வெற்றி என்று மட்டும் சொல்லும் போலிக் கட்டளையை வைப்பார். வட்டு காலியாகும், எச்சரிக்கை ஓயும், காப்பகம் செத்துப்போகும். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். வட்டு நிரம்பினால் தரவுத்தளமே நின்றுவிடும் என்னும்போது அவர் தெரிவுசெய்தது சேவையை. காப்பகம் அறுந்ததை யாருக்கும் சொல்லும் கடமை அவருக்குத் தரப்படவில்லை. இரவில் காப்பகத்தை அறுக்கவேண்டி வந்தால் அறுக்கலாம், ஆனால் எந்தத் துண்டில் அறுந்தது என்று எழுதிவைத்து உடனே புதிய முழு பேக்கப்பைத் தொடங்கவேண்டும் என்ற இரண்டு வரி விதியை நீங்கள் வகுத்தால், அந்த மனிதருக்கு அது பெரிய உதவி. எல்லா ஸ்டாண்ட்பைகளுக்கும் காப்பகத்தைப் படிக்கும் வழியை முன்கூட்டியே கொடுத்துவைத்தால் அவர் பெரும்பாலும் எழுப்பப்படவே மாட்டார்.

ஃபெயில்ஓவர் முடிந்ததும் புதிய முழு பேக்கப் எடுத்துவிட்டால் போதுமே என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது வருங்காலத்துக்கான மருந்து. பேக்கப் முடிய ஆகும் நேரமும், அதற்கு முன் ஓட்டை விழுந்ததிலிருந்து கழிந்த நேரமும் என்றைக்கும் மீட்கமுடியாத இருட்டாகவே இருக்கும். சென்ற மாதத்தின் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு கணக்கு எந்த நிலையில் இருந்தது என்று தணிக்கையாளர் கேட்டால், அந்த நாள் இருட்டுக்குள் விழுந்திருந்தால், நம்மிடம் பதில் இருக்காது.

இதனோடு ஒட்டிய இன்னொரு வேண்டுகோள் பழைய பிரைமரியின் வட்டைப் பற்றியது. விழுந்த சர்வர் மீண்டும் எழுந்தால், அதை உடனே 'பிஜி_ரிவைண்ட்' கொண்டு புதிய பிரைமரிக்கு ஸ்டாண்ட்பையாக மாற்றிவிடத் தானியங்கிகள் அவசரப்படுகின்றன. அந்தக் கருவி பழைய சர்வரின் வால் கோப்புறையைப் புதிய பிரைமரியின் கோப்புறையோடு ஒத்துப்போகச் செய்யும் முயற்சியில், காப்பகத்துக்குப் போகாமல் காத்திருந்த துண்டுகளை நீக்கிவிடக்கூடும். எங்கள் ஐந்து துண்டுகளுக்கும் அதுதான் இரண்டாவது வாய்ப்பாக இருந்திருக்கும். வட்டின் பழுதான பகுதியைத் தவிர மற்றவை படிக்கக்கூடிய நிலையில்தான் இருந்தன, ஆனால் அதற்குள் நாங்கள் அதைத் துடைத்துப் புதிதாக நிறுவிவிட்டோம். 'ரெடி' என்ற பின்னொட்டோடு காத்திருக்கும் அடையாளக் கோப்புகள் ஒன்றுகூட இல்லை என்று உறுதியாகும்வரை, அல்லது அத்துண்டுகளை வேறிடத்தில் நகலெடுக்கும்வரை, பழைய பிரைமரியில் எதையும் மாற்றக்கூடாது. தானியங்கியில் இதற்கான நிறுத்தம் ஒன்றை வைக்க அதிகபட்சம் அரை நாள் வேலை.

திட்டமிட்டுச் செய்யும் இடமாற்றத்தில் இவ்வளவு ஆபத்து இல்லை. பழைய பிரைமரியை முறையாக நிறுத்தும்போது மிச்சமிருப்பதைக் காப்பகத்துக்கு அனுப்ப அது முயலும்; ஆனால் காப்பகம் அந்நேரம் மறுத்தால் சில முறை முயன்றுவிட்டு அப்படியே நின்றுவிடும். நிறுத்துமுன் காத்திருக்கும் துண்டு எதுவும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

இறுதியாக, படிவத்தில் நான் கேட்கும் கட்டத்தில் என்ன எழுதப்படவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் 'ஆம்' என்று மட்டும் எழுதும் கட்டமாக அது ஆகிவிட்டால் பயனில்லை. பழைய டைம்லைனின் கடைசித் துண்டின் முழுப் பெயர், புதிய டைம்லைனின் முதல் துண்டின் முழுப் பெயர், ஹிஸ்டரி கோப்பில் உள்ள பிரிவுப் புள்ளி ஆகிய மூன்றும் எழுதப்படவேண்டும். பிறகு, ஃபெயில்ஓவருக்கு முன் எடுத்த பேக்கப்பிலிருந்து புறப்பட்டு, ஃபெயில்ஓவருக்குப் பத்து நிமிடம் பிந்திய ஒரு நேரத்தை இலக்காக வைத்து, தனியொரு சர்வரில் மீட்பு ஓட்டிப் பார்த்த முடிவும் எழுதப்படவேண்டும். 12-ஆம் பதிப்புக்கு முந்தைய சர்வர்களில் மீட்பு இயல்பாகப் பழைய டைம்லைனோடு நின்றுகொள்ளும் என்பதால், புதிய டைம்லைனைத் தொடரும்படி தனியாகச் சொல்லவேண்டும். 13-க்கு முந்தையவற்றில் இலக்கு நேரத்தை எட்டும் முன் வால் தீர்ந்துபோனாலும் தரவுத்தளம் அமைதியாகத் திறந்துகொள்ளும். பிழைச் செய்தி வரவில்லை என்பதைக்கொண்டு வெற்றி என்று எழுதிவிடாமல், உள்ளே போய்க் கடைசிப் பரிவர்த்தனையின் நேரத்தைப் பார்க்கவேண்டும். பெரிய தரவுத்தளங்களில் இந்த மீட்புக்கு ஒரு நாள்கூட ஆகலாம். அப்படியானால் கையொப்பம் ஒரு நாள் தாமதமாகட்டும். சேவை திரும்பியதைத் தனியாகவும், காப்பகம் தொடர்ந்ததைத் தனியாகவும் இரண்டு கையொப்பங்களாகப் பிரித்துக்கொள்வதிலும் எனக்கு மறுப்பில்லை.

அடுத்த ஃபெயில்ஓவர் ஒத்திகைக்கு முன் உங்கள் படிவத்தின் புதிய வரைவில் இந்தக் கட்டம் இருக்குமா என்பதைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கோப்புப் பெயர்களை வரிசையாகச் சரிபார்க்க நான் எழுதி வைத்துள்ள ஸ்கிரிப்ட்டை, துண்டின் அளவைக் கிளஸ்டரிடமே கேட்டுக்கொள்ளும்படி திருத்திவிட்டேன். வேண்டுவோருக்குத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு திங்கள் இரவில் பார்க்காமல் கையொப்பமிட்ட தரவுத்தள நிர்வாகி